மலை ஏறும் முன் சைக்கிள் கியரைச் சரிசெய்துகொள்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பொள்ளாச்சியிலிருந்து ஆழியாறு வழியாக வால்பாறைக்குச் செல்லும் சாலை ஏறத்தாழ 65 கிலோமீட்டர் நீளமுடையது. அணையைத் தாண்டியபின் வரும் ஏற்றத்தில் 40 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. அந்தச் சாலையில் முதன்முறையாகச் சைக்கிள் மிதிக்க விரும்பும் நண்பர்களுக்குச் சில ஆண்டுகளாக உதவி வருகிறேன். புறப்படுவதற்கு முந்தைய வாரங்களில் அவர்கள் கேட்கும் சந்தேகங்களில் பெரும்பாலானவை கியரைப் பற்றியவையாகவும், ஆள் மாறினாலும் மாறாதவையாகவும் இருப்பதால், அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். ஏற்காட்டின் 20 வளைவுகளுக்கோ கொல்லிமலையின் 70 வளைவுகளுக்கோ போகிறவர்களுக்கும் இவை பொருந்தும்.

பின்சக்கரத்தின் அருகே தொங்கியபடி செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து அடுத்ததற்கு நகர்த்தும் கருவியை டீரெய்லர் என்றும், அது பூட்டப்பட்டிருக்கும் சிறிய உலோகத் துண்டை ஹேங்கர் என்றும் குறிப்பிடுகிறேன்.

எனக்குக் கியர் நன்றாகத்தான் மாறுகிறது. பயணத்துக்கு முன்னால் எதற்காக யாரிடமாவது காட்ட வேண்டும்?

சமவெளியில் ஓட்டும்போது நாம் நடுவில் உள்ள மூன்று நான்கு கியர்களுக்குள்ளேயே புழங்குகிறோம். பின்னால் உள்ள பல்சக்கரங்களில் மிகப் பெரியது, அதாவது மிதிக்க மிக எளிதான கியர், மாதக்கணக்கில் தொடப்படாமலே இருக்கும். மலையிலோ அந்த ஒன்றில்தான் பல மணி நேரம் போக வேண்டியிருக்கும். அதுவும் உடல் எடை முழுவதையும் பெடலில் ஏற்றி. பழுது இருந்தால் அது அந்தக் கியரில், அந்த நேரத்தில்தான் வெளிப்படும்.

எங்களுடன் வந்த ஒருவர் இரண்டு ஆண்டுகளாக அந்தப் பல்சக்கரத்துக்கே போனதில்லை. ஒன்பதாவது வளைவில் உள்ள லோம்ஸ் காட்சிமுனையை எட்டும் முன்பே அவர் முதன்முறையாக அதற்கு மாற்றினார். டீரெய்லர் நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டி உள்ளே சென்று ஸ்போக்ஸ் கம்பிகளுக்குள் சிக்கியது. ஹேங்கர் உடைந்தது, கம்பிகள் மூன்று அறுந்தன. மெதுவான ஏற்றமாக இருந்ததால் அவர் விழாமல் தப்பினார். வீட்டு வாசலிலேயே பின்சக்கரத்தைத் தூக்கிப் பிடித்து, பெடலைக் கையால் சுற்றியபடி எல்லாக் கியர்களையும் மெல்ல ஒருமுறை மாற்றிப் பார்த்திருந்தால் இந்தக் குறை அன்றே தெரிந்திருக்கும். எனவே இந்தப் பக்கத்தை மேலும் படிக்கும் முன் அதைச் செய்து பாருங்கள்.

புறப்பட எத்தனை நாள் இருக்கும்போது கடையில் விடுவது நல்லது?

இரண்டு வாரம் இருந்தால் நல்லது. ஒரு வாரத்துக்குக் குறையக் கூடாது. புதிதாகப் போட்ட கேபிளும் அதன் மேல் உறையும் முதல் சில ஓட்டங்களில் தத்தம் இடத்தில் அழுந்தி உட்காரும். அப்போது கேபிள் சற்றே தளர்ந்து, கடையில் துல்லியமாக இருந்த கியர் தடுமாறத் தொடங்கும். இது மெக்கானிக்கின் தவறு அன்று. இன்னொரு முறை சிறிது இறுக்கினால் சரியாகிவிடும். அந்த இரண்டாவது திருத்தத்துக்கு நேரம் வேண்டும் என்பதே முன்கூட்டிக் கொடுப்பதன் முதல் காரணம். உங்கள் வண்டிக்குப் பொருந்தும் உதிரி பாகம் உள்ளூரில் கிடைக்காமல் வெளியூரிலிருந்து வர வேண்டியிருக்கலாம் என்பது அடுத்த காரணம்.

கடையிலிருந்து எடுத்த பின் 40 அல்லது 50 கிலோமீட்டராவது ஓட்டுங்கள். வழியில் ஒரு மேம்பாலமாவது இருக்கட்டும். இரண்டே நாள்தான் இருக்கிறது என்றால், அறுந்துபோகும் நிலையில் உள்ள பாகத்தைத் தவிர வேறு எதையும் புதிதாக மாற்றாதீர்கள். துடைத்து, எண்ணெயிட்டு, ஐந்தாவது விடையில் சொல்லும் சிறு திருத்தத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஏனுங்க, எங்க ஊர் சைக்கிள் கடைக்காரருக்குக் கியர் வண்டி அவ்வளவு பழக்கமில்லைங்க. அவரிடமே கொடுக்கலாமா?

கொடுக்கலாம், ஆனால் எந்த வேலையைக் கொடுப்பது என்று தெரிந்து கொடுக்க வேண்டும். முப்பது ஆண்டுகள் கியரில்லாத வண்டிகளைப் பார்த்தவர் சக்கரக் கோட்டம் எடுப்பதிலும், பேரிங்கைத் தளர்வின்றி இறுக்குவதிலும் நகரத்துப் பெரிய கடைகளில் இருக்கும் இளைஞர்களைவிடத் தேர்ந்தவராக இருப்பார். அவை மலைப்பயணத்துக்குக் கியரைப் போலவே முக்கியமானவை. கியரைப் பொறுத்தவரை ஒன்றை மட்டும் கவனியுங்கள். வண்டியை வாங்கியதும் ஸ்க்ரூ டிரைவரை எடுத்து டீரெய்லரில் உள்ள திருகுகளைத் திருப்பத் தொடங்கினால், "அண்ணா, முதலில் ஹேங்கர் நேராக இருக்கிறதா, கேபிள் தடையில்லாமல் ஓடுகிறதா என்று பார்த்துவிடலாமா?" என்று பணிவாகக் கேளுங்கள். பெரும்பாலானோர் அதைக் குறையாக எடுத்துக்கொள்வதில்லை. அந்த இரண்டையும் பார்க்க வழியில்லை என்று அவரே சொல்லிவிட்டால், கியர் வேலையை மட்டும் கியர் வண்டிகள் விற்கும் கடைக்குக் கொண்டுபோங்கள்.

மெக்கானிக்கிடம் என்னவென்று சொல்வது? எனக்குக் ‘கியர் சரியில்லை’ என்று மட்டும்தான் சொல்லத் தெரிகிறது.

மருத்துவரிடம் ‘உடம்பு சரியில்லை’ என்று சொல்லி நிறுத்திக்கொள்வதைப் போன்றது அது. எந்தத் திசையில் மாற்றும்போது தடுமாறுகிறது, எந்தப் பல்சக்கரத்தில் தடுமாறுகிறது, மிதிக்கும் விசை கூடும்போது மட்டுமா அல்லது எப்போதுமா ஆகிய மூன்றையும் சொன்னாலே பாதி வேலை முடிந்துவிடும்.

சிறிய பல்சக்கரத்திலிருந்து பெரியதற்கு ஏற மறுத்தால் கேபிள் தளர்ந்திருக்க வாய்ப்பு அதிகம். பெரியதிலிருந்து சிறியதற்கு இறங்கத் தாமதித்தால் கேபிள் மிகையாக இறுகியிருக்கலாம், அல்லது உறைக்குள் அழுக்கும் துருவும் சேர்ந்து கேபிளைப் பிடித்துக்கொண்டிருக்கலாம். சில பல்சக்கரங்களில் சரியாகவும் சிலவற்றில் மோசமாகவும் இருந்து, ஒரு முனையைச் சரிசெய்தால் மறுமுனை கெட்டுப்போவதாக இருந்தால் ஹேங்கர் வளைந்திருக்கக்கூடும். கியரை மாற்றாமல் ஒரே கியரில் அழுத்தி மிதிக்கும்போது செயின் துள்ளினால் அது பெரும்பாலும் தேய்மானம். இவற்றை ஒரு தாளில் குறித்துக்கொண்டு போவதில் வெட்கப்பட எதுவுமில்லை. என்னிடம் அப்படிக் குறித்துக் கொண்டுவந்தவர்களின் வண்டிகளைத்தான் விரைவில் சரிசெய்ய முடிந்திருக்கிறது.

கியர் மாறிய பிறகும் ‘டிக் டிக்’ என்று சத்தம் வந்துகொண்டே இருக்கிறது. இதை நானே சரிசெய்ய முடியுமா?

முடியும். ஒவ்வொருவரும் கற்றுக்கொள்ள வேண்டிய திருத்தம் இதுதான். கேபிள் டீரெய்லருக்குள் நுழையும் இடத்திலோ, கைப்பிடியில் உள்ள கியர் லீவரின் அருகிலோ விரலால் திருப்பக்கூடிய ஒரு சிறு குமிழ் இருக்கும். அதற்கு அட்ஜஸ்டர் என்று பெயர். அதை வெளியே வரும்படி திருப்பினால் கேபிள் இறுகும். உள்ளே போகும்படி திருப்பினால் தளரும். வலம், இடம் என்று மனப்பாடம் செய்தால் எந்தப் பக்கம் நின்று பார்க்கிறோம் என்பதில் குழப்பம் வரும். வெளியே, உள்ளே என்று நினைவில் வையுங்கள்.

பின்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி, செயினை மிகச் சிறிய பல்சக்கரத்துக்குக் கொண்டுவந்து, லீவரை ஒரே ஒரு சொடுக்கு மாற்றுங்கள். செயின் இரண்டாவதற்கு ஏறத் தயங்கினால் குமிழைக் கால் சுற்று வெளியே திருப்புங்கள். ஏறிய பின் மூன்றாவதில் உரசிச் சத்தம் கொடுத்தால் கால் சுற்று உள்ளே திருப்புங்கள். ஒவ்வொரு கால் சுற்றுக்கும் பிறகு பெடலைச் சுற்றிப் பாருங்கள். மொத்தம் இரண்டு மூன்று சுற்றுகளுக்குள் சரியாகாவிட்டால் பழுது வேறிடத்தில் இருக்கிறது என்று பொருள். குமிழைத் தொடக்க நிலைக்கே கொண்டுவந்து வைத்துவிடுங்கள்.

டீரெய்லரில் எச், எல் என்று போட்ட இரண்டு திருகுகள் இருக்கின்றன. அவற்றைத் திருப்பினால் சரியாகிவிடும் என்று நண்பர் சொன்னாரே?

அவை கியரைச் சீராக்கும் திருகுகள் அல்ல. எல்லை போடும் திருகுகள். டீரெய்லர் மிகச் சிறிய பல்சக்கரத்தைத் தாண்டி வெளியே போகாமல் எச் தடுக்கிறது. மிகப் பெரியதைத் தாண்டி ஸ்போக்ஸ் பக்கம் போகாமல் எல் தடுக்கிறது. இடையில் உள்ள பல்சக்கரங்களின் மேல் இவற்றுக்கு எந்த அதிகாரமும் இல்லை. ஒருமுறை சரியாக வைக்கப்பட்டால், ஹேங்கரோ சக்கரமோ பல்சக்கரத் தொகுதியோ மாறும்வரை இவற்றைத் தொடத் தேவை வராது. நடுக்கியர்களில் வரும் சத்தத்துக்காக இவற்றைத் திருப்புகிறவர், முதல் விடையில் சொன்ன விபத்துக்குத் தெரியாமலே வழி செய்கிறார்.

பஞ்சர் ஒட்டிக்கொண்டு வந்ததிலிருந்து கியர் கெட்டுவிட்டது. பஞ்சர் கடைக்காரர் ஏதாவது செய்துவிட்டாரா?

அவர் எதையும் கெடுத்திருக்க வேண்டியதில்லை. சக்கரத்தைக் கழற்றி மாட்டியதே போதும். அச்சு அதன் பள்ளத்தில் முழுமையாக உட்காராமல் சற்றுச் சாய்ந்து இறுக்கப்பட்டிருந்தால், பல்சக்கரங்கள் மொத்தமாகவே இடம் மாறிவிடும். நட்டையோ விரைவுப் பிடியையோ (கையால் மடக்கித் திறக்கும் அச்சுப் பிடி) தளர்த்தி, வண்டியை நிமிர்த்தித் தரையில் ஊன்றி, அதன் எடை அச்சின் மேல் விழும்படி வைத்து மீண்டும் இறுக்கிப் பாருங்கள். பலருக்கு இதிலேயே தீர்வு கிடைத்துவிடுகிறது.

விலை குறைந்த கியர் வண்டிகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. அவற்றில் டீரெய்லர் தனி ஹேங்கரில் இல்லாமல், அச்சு நட்டுக்கு அடியில் கொக்கி போல மாட்டப்பட்ட ஒரு தகட்டிலேயே தொங்கும். சக்கரம் கழன்றால் அந்தத் தகடும் கழலும். மீண்டும் மாட்டும்போது அது ஓரிரு பாகை திரும்பியிருந்தாலும் கியர் தடுமாறும். இப்படிப்பட்ட வண்டி வைத்திருப்பவர்கள், தகட்டின் நிலையைச் சுற்றி மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டுவைத்தால் மலையில் பஞ்சரானாலும் அதே இடத்தில் திரும்ப வைக்க முடியும்.

மெக்கானிக் ‘ஹேங்கர் வளைந்திருக்கிறது’ என்கிறார். என் கண்ணுக்கு நேராகத்தான் தெரிகிறது. பணம் பறிக்கப் பார்க்கிறாரா?

கண்ணுக்குத் தெரியாத வளைவே கியரைக் கெடுக்கப் போதுமானது என்பதால், இந்த ஐயத்துக்கு நான் எப்போதும் நீண்ட விடையே சொல்கிறேன். எட்டுக் கியர் கொண்ட பின்தொகுதியில் ஒரு பல்சக்கரத்தின் மையத்துக்கும் அடுத்ததன் மையத்துக்கும் இடையே சுமார் 4.8 மில்லிமீட்டர்தான் இருக்கிறது. பத்துக் கியரில் அது ஏறத்தாழ 3.95 மில்லிமீட்டராகச் சுருங்கிவிடுகிறது. ஹேங்கர் சிறிது உள்ளே வளைந்தால், அதிலிருந்து கீழே தொங்கும் டீரெய்லரின் சிறு சக்கரங்கள் அதைவிட அதிகமாக விலகும். விலகலின் அளவு எல்லாப் பல்சக்கரங்களிலும் ஒன்றுபோல் இருக்காது. அதனால்தான் கேபிளை எவ்வளவு திருத்தினாலும் ஒரு முனை சரியாகி மறுமுனை கெடுகிறது.

பெரும்பாலான அலுமினியச் சட்டங்களில் ஹேங்கர் தனித் துண்டாக, மென்மையான அலுமினியத்தில் செய்யப்படுகிறது. வண்டி வலப்பக்கம் சாய்ந்து விழுந்தால் சட்டமோ டீரெய்லரோ சேதமாகாமல் அது வளைந்துகொடுக்க வேண்டும் என்பதற்காகவே அப்படி வைத்திருக்கிறார்கள். வாகன நிறுத்தத்தில் பக்கத்து பைக் உங்கள் வண்டியின் மேல் சாய்ந்தாலே வளைய வாய்ப்புண்டு. வளைந்ததற்கான கீறல்கூட இருக்காது.

சோதிக்கும் முறையை நீங்களே பார்க்கலாம். டீரெய்லரைக் கழற்றிவிட்டு, ஹேங்கரின் மரையில் ஒரு நீண்ட கை கொண்ட அளவுகோலைத் திருகி, அதன் நுனிக்கும் சக்கரத்தின் ரிம்முக்கும் உள்ள இடைவெளியை மேல், கீழ், முன், பின் என்று நான்கு இடங்களில் பார்ப்பார்கள். இடைவெளிகளின் வேறுபாடு 4 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். அந்தக் கருவி கடையில் இருந்தால், "அளக்கும்போது நானும் பார்க்கலாமா?" என்று கேளுங்கள், அளவைக் கண்ணால் கண்டபின் ஐயத்துக்கு இடமில்லை. கருவி இல்லாமல் கையால் பிடித்து வளைத்து நேராக்குவதை ஏற்காதீர்கள். நேராக்கிய அலுமினிய ஹேங்கர் முன்னைவிட வலிமை குறைந்தது என்பதால், மலைக்குப் புதியதைப் போட்டுக்கொண்டு, நேராக்கிய பழையதை உதிரியாகப் பையில் வைத்துக்கொள்வதே என் வழக்கம். ஹேங்கர் எல்லா வண்டிகளுக்கும் பொதுவானதன்று. நூற்றுக்கணக்கான வடிவங்கள் உள்ளன. இரண்டு வாரம் முன்பே கடைக்குப் போகச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

கேபிளை உறையோடு மாற்ற வேண்டும் என்கிறார்கள். கொஞ்சம் எண்ணெய் விட்டால் போதாதா?

வண்டி வாங்கி இரண்டு மழைக்காலம் கடந்திருந்தால் மாற்றிவிடுவதே நல்லது. கியர் கோளாறுகளுக்கு என் அனுபவத்தில் முதல் காரணம் பழைய கேபிள்தான். முந்தைய தலைமுறை லீவர்களில் சொடுக்கு கிடையாது. ஓட்டுபவர் கையாலும் காதாலும் உணர்ந்து செயினை இடத்தில் நிறுத்துவார். ஷிமானோ நிறுவனம் 1984-இல் கொண்டுவந்த சொடுக்கு முறைக்குப் பின், ஒவ்வொரு சொடுக்கும் கேபிளை ஒரு குறிப்பிட்ட அளவு மட்டுமே இழுக்கிறது. அந்நிறுவனத்தின் எட்டுக் கியர் அமைப்பில் கேபிள் 1 மில்லிமீட்டர் நகர்ந்தால் டீரெய்லர் 1.7 மில்லிமீட்டர் நகரும். ஆக ஒரு சொடுக்குக்குச் சுமார் 2.8 மில்லிமீட்டர் கேபிள். உறைக்குள் உள்ள தடையால் அதில் அரை மில்லிமீட்டர் விழுங்கப்பட்டாலும் செயின் இடம் தவறும். எண்ணெய் சில நாள்களுக்கு உதவும். பிறகு அதுவே தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

மாற்றும்போது ஒன்றைக் கட்டாயம் கவனியுங்கள். கியர் கேபிளின் உறையும் பிரேக் கேபிளின் உறையும் வெவ்வேறானவை. பிரேக் உறை சுருள் கம்பியால் ஆனது, பெரும்பாலும் 5 மில்லிமீட்டர் தடிமன். கியர் உறையில் கம்பிகள் நீளவாக்கில் ஓடும், பெரும்பாலும் 4 மில்லிமீட்டர் தடிமன். பிரேக் உறையைக் கியருக்குப் போட்டால் அது ஒவ்வொரு இழுப்புக்கும் அழுந்திச் சுருங்குவதால் கியர் ஒருபோதும் நிலைக்காது. கியர் உறையைப் பிரேக்குக்குப் போடுவதோ உயிருக்கே ஆபத்து. பலமாகப் பிடிக்கும்போது அது பிளந்துவிடக்கூடும். அவசரத்தில் கடையில் கிடைத்ததை வெட்டி மாட்டிய வண்டிகளை நான் பார்த்திருக்கிறேன். டீரெய்லருக்குள் நுழையும் கடைசி வளைவுத் துண்டில்தான் தண்ணீரும் சேறும் முதலில் சேரும். முழுவதும் மாற்ற முடியாவிட்டால் அந்தத் துண்டையாவது மாற்றச் சொல்லுங்கள்.

புதுச் செயின் போட்ட பிறகுதான் ஏற்றத்தில் வழுக்குகிறது. கியர் சரியாக வைக்கவில்லையா?

கியர் வைப்பதில் குறையில்லை. பழைய பல்சக்கரத்தில் புதிய செயின் பொருந்தவில்லை. செயின் தேயும்போது அதன் கண்ணிகளுக்கிடையேயான தொலைவு கூடுகிறது. பல்சக்கரமும் அதற்கேற்பத் தேய்கிறது. பிறகு சரியான அளவுள்ள புதிய செயின் வரும்போது, நீங்கள் அதிகம் பயன்படுத்திய பல்சக்கரத்தில் அது பற்களைக் கவ்வாமல் மேலே ஏறி வழுக்குகிறது. திருகுகளைத் திருப்பி இதைத் தீர்க்க முடியாது. பின்தொகுதியையும் மாற்றித்தான் ஆக வேண்டும்.

செயினை எப்போது மாற்றுவது என்பதை ஓர் இரும்பு அடிக்கோலால் அளந்துவிடலாம். புதிய செயினில் ஒரு பின்னிலிருந்து, அதை விட்டு எண்ணினால் வரும் 24-ஆவது பின் வரையிலான தொலைவு சரியாக 12 அங்குலம், அதாவது 304.8 மில்லிமீட்டர். அது பதினாறில் ஓர் அங்குலம் கூடியிருந்தால் செயினை மாற்றும் நேரம் வந்துவிட்டது. எட்டில் ஓர் அங்குலம் கூடியிருந்தால் பல்சக்கரங்களும் போயிருக்கும். பயணத்துக்கு முந்தைய நாள் செயினை மட்டும் மாற்றுவது மிக மோசமான முடிவு. பழைய செயினும் பழைய பல்சக்கரமும் சேர்ந்து ஒழுங்காக ஓடினால், திரும்பி வந்து இரண்டையும் மாற்றிக்கொள்ளுங்கள்.

முன்பக்கக் கியரில் செயின் உரசுகிறதே?

பெடலருகே உள்ள பல்சக்கரங்களுக்கிடையே செயினை நகர்த்தும் முன் டீரெய்லரின் வெளித்தகடு பெரிய பல்சக்கரத்துக்கு இணையாகவும், அதன் பற்களுக்கு 1 முதல் 3 மில்லிமீட்டர் மேலேயும் இருக்க வேண்டும். வண்டியின் மேல் நின்று கீழே பார்த்தாலே கோணல் தெரியும். அது சரியாக இருந்தும் உரசினால், முன்னும் பின்னும் பெரியது, அல்லது முன்னும் பின்னும் சிறியது என்று செயின் குறுக்காக ஓடும் கியர்ச் சேர்க்கையில் நீங்கள் இருக்கிறீர்களா என்று பாருங்கள். அந்தச் சேர்க்கைகளில் உரசுவது இயல்பு. அவற்றைத் தவிர்ப்பதே வழி.

இரண்டிலும் பெரியது என்ற சேர்க்கையைத் தவிர்க்க முயன்றாலும் களைப்பில் கை தவறி ஒருநாள் அதற்குப் போய்விடும். அப்போது செயின் நீளம் போதாமல் இருந்தால் டீரெய்லர் பிய்த்துக்கொண்டு போகும். எனவே கடையில் ஒருமுறை மெல்ல அந்தச் சேர்க்கைக்கு மாற்றி, டீரெய்லர் முழுவதும் விரைத்து நிற்காமல் சிறிது நெகிழ்வு மிச்சமிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

என் வண்டியில் இருக்கிற கியரே 40 வளைவுக்கும் போதுமா?

எண்ணிப் பார்த்துச் சொல்லலாம். முன்பக்கச் சிறிய பல்சக்கரத்தின் பற்களைப் பின்பக்கப் பெரியதன் பற்களால் வகுங்கள். முன்னால் 34, பின்னால் 28 என்றால் 1.21. சக்கரத்தின் சுற்றளவு சுமார் 2.1 மீட்டர் என்பதால், பெடலின் ஒரு சுற்றுக்கு வண்டி 2.55 மீட்டர் போகும். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு 9 கிலோமீட்டருக்குச் சற்று மேல். முன்னால் 28, பின்னால் 34 என்றால் விகிதம் 0.82, அதே 60 சுற்றில் மணிக்கு 6 கிலோமீட்டருக்குச் சற்று மேல். ஏற்றத்தில் உங்களால் மணிக்கு 9 கிலோமீட்டர் வேகத்தைத் தக்கவைக்க முடியாது என்றால், முதல் வகை வண்டியில் கால் மெதுவாகிப் பெடலை நின்றுகொண்டு அழுத்த நேரும். முழங்காலுக்கு அது நல்லதன்று.

விகிதம் 1-ஐ ஒட்டியோ அதற்குக் கீழேயோ இருந்தால் சுமையோடு போகிறவர்களுக்கும் நிம்மதி. பின்னால் பெரிய தொகுதி போடுவதானால், உங்கள் டீரெய்லர் அதிகபட்சமாக எத்தனை பற்களைத் தாங்கும் என்று மெக்கானிக்கிடம் உறுதிசெய்துகொள்ளுங்கள். செயின் நீளத்தையும் அதற்கேற்ப மாற்ற வேண்டும்.

பையைக் கட்டியதும் கியர் கெட்டுவிட்டது. எடை கூடியதால் இப்படி ஆகுமா?

எடையால் அன்று, போல்ட்டால் ஆகும். பின்பக்கக் கேரியரைச் சட்டத்தில் பூட்டும் போல்ட் நீளமாக இருந்தால், அதன் நுனி உட்பக்கம் துருத்திக்கொண்டு மிகச் சிறிய பல்சக்கரத்தில் ஓடும் செயினை உரசும், சில நேரம் சிக்கவும் வைக்கும். குட்டையான போல்ட்டைப் போடுங்கள். பையின் தொங்கும் வார்களையும் கட்டிவிடுங்கள். கேரியரைப் பூட்டிய பிறகே வண்டியைக் கியர் வேலைக்குக் கொடுங்கள்.

என் வண்டியில் கியர் சக்கரத்தின் ஹப்புக்குள் இருக்கிறது. இந்த விடைகள் எனக்குப் பொருந்துமா?

கேபிளைப் பற்றிச் சொன்னவை பொருந்தும், டீரெய்லரையும் ஹேங்கரையும் பற்றியவை பொருந்தா. ஷிமானோ நெக்ஸஸ் எட்டுக் கியர் ஹப்பில் நான்காவது கியரில் வைத்தால் ஹப்பின் அருகே இரண்டு மஞ்சள் கோடுகள் ஒரே நேரில் வர வேண்டும். வராவிட்டால் அட்ஜஸ்டரால் வரவைக்கலாம். மின்சாரத்தால் இயங்கும் டீரெய்லர் வைத்திருப்பவர்களுக்குக் கேபிள் தொல்லை இல்லை. ஆனால் ஹேங்கர் வளைந்தால் அவர்களுக்கும் இதே கதிதான். மின்கலத்தை முழுவதுமாக ஏற்றிக்கொண்டு புறப்படுங்கள்.

சென்னையிலிருந்து வண்டியை ரயிலில் போட்டுக் கொண்டுவருகிறேன். சரிசெய்த கியர் அப்படியே இருக்குமா?

இருக்காது என்று எண்ணியே தயாராகுங்கள். ஏற்றும் முன் செயினைப் பின்பக்கப் பெரிய பல்சக்கரத்துக்கு மாற்றினால் டீரெய்லர் உட்பக்கமாக ஒதுங்கி, இடிபடும் வாய்ப்பு குறையும். பழைய அட்டைப்பெட்டித் துண்டுகளை அதைச் சுற்றிக் கட்டுங்கள். படுக்கவைக்க நேர்ந்தால் டீரெய்லர் மேலே இருக்கும்படி, இடப்பக்கம் படுக்கவைக்கச் சொல்லுங்கள். இறக்கியதும், ஏறி மிதிக்கும் முன், முதல் விடையில் சொன்ன சோதனையைச் செய்யுங்கள். காரின் பின்னால் மாட்டி வருபவர்களும் இதைச் செய்ய வேண்டும்.

வேலை முடிந்து வண்டியை எடுக்கும்போது, சரியாகச் செய்திருக்கிறார்களா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஸ்டாண்டில் நிற்கும் வண்டியில் கியர் அழகாக மாறுவது போதாது; சுமை ஏறினால்தான் உண்மை தெரியும். கடை வாசலிலேயே ஓட்டிப் பாருங்கள். ஒவ்வொரு சொடுக்குக்கும் ஒரு பல்சக்கரம் என்று மேலேறி, அதேபோல் கீழிறங்குங்கள். பிறகு பெரிய பல்சக்கரத்தில் வைத்து, பிரேக்கை லேசாகப் பிடித்தபடி அழுத்தி மிதியுங்கள். அது ஏற்றத்தைப் போன்ற சுமையைக் கொடுக்கும். சத்தமோ துள்ளலோ இருக்கக் கூடாது. பின்னால் நின்று பார்த்தால் டீரெய்லரின் இரண்டு சிறு சக்கரங்களும் பல்சக்கரத்தோடு ஒரே செங்குத்துக் கோட்டில் நிற்க வேண்டும். வெட்டிய கேபிள் நுனியில் ஒரு சிறு உலோக மூடி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இழைகள் பிரிந்து, அடுத்தமுறை கழற்றி மாட்ட முடியாமல் போகும்.

எல்லாம் செய்தும் மலையில் கேபிள் அறுந்துவிட்டால் அல்லது ஹேங்கர் உடைந்துவிட்டால்?

கேபிள் அறுந்தால் டீரெய்லரின் சுருள்வில் செயினை மிகச் சிறிய பல்சக்கரத்துக்குத் தள்ளிவிடும். ஏற்றத்தில் அதை மிதிக்க முடியாது. உதிரிக் கேபிள் இருந்து மாற்றத் தெரிந்தால் பத்து நிமிட வேலை. பிரேக்கோடு சேர்ந்த லீவர்களில் அறுந்த கேபிளின் தலை உள்ளேயே சிக்கிக்கொள்வதுண்டு. அப்போது உதிரிக் கேபிளை டீரெய்லரின் அட்ஜஸ்டர் வழியாக நுழைத்து, அதன் தலை அங்கேயே முட்டி நிற்கும்படி செய்து, டீரெய்லரைக் கையால் தள்ளிச் செயினை நடுவில் உள்ள ஒரு பல்சக்கரத்துக்குக் கொண்டுவந்து, கேபிளை இழுத்துப் போல்ட்டில் இறுக்கிவிடுங்கள். முன்பக்கச் சிறிய பல்சக்கரமும் இந்த ஒரு கியரும் கையில் இருந்தால் மெல்ல மேலே போய்ச் சேரலாம். உதிரிக் கேபிளே இல்லாவிட்டால், நான் மேலே தொடக் கூடாது என்று சொன்ன எச் திருகுக்கு இங்கே வேலை வருகிறது: அதை உள்ளே திருகினால் செயின் ஒரு பல்சக்கரமாவது மேலே நிற்கும். சரிசெய்யும் கடைக்கு வந்ததும் அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவரச் சொல்ல மறக்காதீர்கள்.

ஹேங்கர் உடைந்து உதிரியும் இல்லையென்றால், செயின் கழற்றும் கருவியால் செயினைக் குட்டையாக்கி, டீரெய்லரை விலக்கிவிட்டு, முன் பல்சக்கரத்துக்கு நேர்கோட்டில் உள்ள பின் பல்சக்கரத்தில் இணைப்புக் கண்ணியால் மாட்டலாம். இணைப்புக் கண்ணி உங்கள் செயினின் கியர் எண்ணிக்கைக்கு உரியதாக இருக்க வேண்டும். இந்த ஏற்பாட்டோடு ஏற்றத்தைத் தொடராதீர்கள். சுமை கூடினால் செயின் அடுத்த பெரிய பல்சக்கரத்துக்குத் தாவி இறுகிப் பூட்டிக்கொள்ளும். வண்டியைத் திருப்பி, இரண்டு பிரேக்குகளையும் சோதித்து, பெடலுக்கு அதிக வேலை கொடுக்காமல் ஆழியாறு வரை இறங்கி வந்துவிடுங்கள்.